நடு ஆற்றில் பிடித்த நூல்

குமாரபாளையம்
14-8-1944

அன்புள்ள அக்கா மாரக்காளுக்கு,

தம்பி கண்ணுசாமி எழுதுவது. இதை மச்சானுக்கும் படித்துக் காட்டு. நான்கு மாதமாக என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் இன்று மத்தியானம் துறையில் வரிசையாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன தடவை எடப்பாடிக்கு வந்தபோது என் காவல் சீட்டைக் காட்டினேன். மச்சான் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்துவிட்டார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அதனால் மறுபடி எழுதுகிறேன். யுத்தம் வந்ததிலிருந்து நூலும் அரிசியும் பர்மிட்டு இல்லாமல் ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்குப் போகக்கூடாது. பாலத்தில் சர்க்கார் ஆள் நிற்கிறது. ஆற்றின் நெடுகிலும் நிறுத்த ஆள் ஏது? ஆகவே சொந்தப் பரிசல் உள்ளவனுக்குச் சப்ளை ஆபீசில் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். பரிசல், ஆள்கூலி எல்லாம் அவன் பொறுப்பு. திருட்டுச் சரக்கைப் பிடித்துவந்தால் மூன்றில் ஒரு பங்கு அவனுக்கு, மீதி சர்க்காருக்கு.

இன்று உச்சிப்பொழுதில் பவானிக் கரையிலிருந்து ஒரு பரிசல் வந்தது. வைக்கோலைப் போட்டு மூடியிருந்தான். நானும் என் துடுப்புக்காரன் மணியனும் நடு ஆற்றில் போய் மறித்தோம். வைக்கோலை விலக்கினால் எட்டுச் சிப்பம் நூல், நாற்பதாம் நம்பர். பரிசல்காரன் மாதையன் என்று பெயர். என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். அகப்பட்டவன் சும்மா இருப்பானா? ஆபீசில் ஒப்படைத்துவிட்டேன். ஆபீசர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பள்ளிக்கூட வேலை போன பிறகு ஆறு வருஷம் உன் வீட்டிலிருந்து வந்த ராகியையும் வேட்டியையும் வைத்துத்தான் நான் மனுஷனாக நடமாடினேன். இனி அப்படி இல்லை. தீபாவளிக்கு நான் வரும்போது நீ பார்.

இப்படிக்கு,
கண்ணுசாமி

எடப்பாடி
19-8-1944

தம்பி கண்ணுசாமிக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்கே இன்னொரு சேதியும் வந்தது. எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன்.

தம்பி, நீ பிடித்த நூல் எங்களுடையது. எங்கள் தெருவில் பன்னிரண்டு தறிக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து, இருந்ததையெல்லாம் வைத்து, தீபாவளி நெசவுக்குத் தறியில் பாவு போட வாங்கின நூல் அது. சரவணமுத்து அண்ணன் முன்னின்று நான்கு தடவை பவானிக்கு நடந்து பர்மிட்டு வாங்கினார். ஐந்து நாள் கெடு போட்டுக் கொடுத்தார்கள். பாலத்தில் வண்டிகளை மூன்று நாள் நிறுத்தி வைத்துவிட்டார்கள். கெடு முடிகிற நாள் வந்துவிட்டது. அதனால்தான் மாதையனைக் கூப்பிட்டு அவன் பரிசலில் ஏற்றினார்கள். வைக்கோல் போட்டது ஒளிப்பதற்கு இல்லை, தண்ணீர் தெறித்து நூல் நனையாமல் இருக்க.

மாதையனைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். பர்மிட்டை மறித்தவர் கையிலேயே கொடுத்துவிட்டேன் என்று அவன் சொல்கிறானாம். மறித்தவர் அப்படி எதுவும் வாங்கவில்லை என்று ஆபீசில் எழுதியிருக்கிறதாம். பவானி ஆபீசில் நம்பர் மட்டும்தான் பதிந்திருக்கிறதாம்; சரக்கோடு காகிதம் இல்லாவிட்டால் அது செல்லாதாம். மறித்தவன் நீ என்பது தெருவுக்கே தெரிந்துவிட்டது. நேற்று சாயங்காலம் பன்னிரண்டு வீட்டு ஆட்களும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். சரவணமுத்து அண்ணன் கேட்டார்: "ஏம்மா மாரக்கா, உன்ற தம்பி காயிதம் வாங்கலீன்னு சொல்றாராமா. நெசந்தானா?"

"எந்தம்பி ஒண்ணுமில்லாதவனா இருப்பானுங்க. பொய் சொல்ல மாட்டான்" என்று சொன்னேன்.

அப்படியானால் மாதையன்தான் பர்மிட்டைத் தொலைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாரிடமாவது விற்றிருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே போனார்கள்.

உனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது. நீ சொன்னால் ஆபீசர் கேட்பார். போய்ச் சொல்லி நூலை விடுவித்துக் கொடு. தறியெல்லாம் சும்மா கிடக்கிறது.

உன் அக்கா,
மாரக்காள்

குமாரபாளையம்
24-8-1944

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு மனம் கலங்கியது. எனக்கு எதுவும் தெரியாது என்று நீயே எழுதிவிட்டாய். அது போதும்.

விஷயம் நீ நினைப்பதுபோல் சுலபம் இல்லை. பிடிபட்ட சரக்கு பர்மிட்டு இல்லாத சரக்கு என்று பதிவாகிவிட்டது. பதிவானதை மாற்ற ஆபீசராலும் ஆகாது. போதாக்குறைக்கு அக்கரை ஆபீசு ஒரு வில்லங்கம் கிளப்பியிருக்கிறது. நடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிடித்ததாம், அதனால் சரக்கு கோயமுத்தூர் ஜில்லாவுக்குச் சேர வேண்டுமாம். எங்கள் ஆபீசர், இல்லை, ஆற்றின் மையத்துக்கு இந்தப் பக்கம்தான் என்று பதில் எழுதிவிட்டார். நேற்று இரண்டு பக்கத்து ஆட்களும் வந்து கயிறு கட்டி ஆற்றை அளந்தார்கள். தண்ணீர் கூடி ஓடுவதால் மையம் எங்கே என்று தீரவில்லை. தீர்கிறவரை நூல் சர்க்கார் கிட்டங்கியில் பூட்டிக் கிடக்கும். என் பங்கும் அதோடு கிடக்கிறது.

என் பங்கு கைக்கு வந்ததும் முதல் காரியமாக மச்சானுக்கு ஆனதைச் செய்வேன். வேறு விதத்திலும் மச்சான் பயப்பட வேண்டாம். பன்னிரண்டு பேரில் மச்சான் சடையன் பெயர் முதலாவதாக இருக்கிறது என்பதற்காக அவரைக் கூப்பிட்டு விசாரிக்க மாட்டார்கள். நான் ஆபீசில் சொல்லி வைத்திருக்கிறேன்.

மாதையன் விஷயத்தில் நீ தலையிடாதே. பரிசல்காரர்களை உனக்குத் தெரியாது.

கண்ணுசாமி

எடப்பாடி
11-9-1944

தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. நான்கைந்து தடவை படித்தேன்.

இங்கே தெருவில் நூல் இல்லாமல் ஒரு மாதம் ஆகிறது. முதல் ஒரு வாரம் பழைய நூலைப் பிரித்துத் துண்டு நெய்தார்கள். பிறகு அதுவும் இல்லை. இரண்டு வீட்டுக்காரர்கள் மலைக்காட்டுப் பக்கம் கடலைக்காய் பறிக்கக் கூலிக்குப் போய்விட்டார்கள். உன் மச்சான் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துகொண்டு ஊடை ஓட்டும் நாடாவை நூலில்லாமல் கையில் வைத்திருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார். என்னோடு பேசுவதில்லை.

போன புதன்கிழமை நான் ஆற்றங்கரையில் இருக்கும் மாதையன் வீட்டுக்குப் போனேன். உன்னிடம் சொல்லாமல்தான் போனேன். அவன் பெண்டாட்டி சின்னாயி கூரைக்கு வெளியே பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அதன் நிழலில் உட்கார்ந்திருந்தாள். பரிசலைச் சர்க்கார் விட்டுவிட்டதாம், ஆளை விடவில்லை. மாமனார் படுக்கையில் கிடக்கிறார். ஜாமீனுக்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டுமாம். எங்கள் தெருவில் வந்து கேட்டிருக்கிறாள். யாரும் போடவில்லை. பர்மிட்டைத் தொலைத்தவனுக்கு எதற்குக் கையெழுத்து என்றார்களாம்.

"உங்களயாச்சும் கேக்கலாமுன்னு இருந்தனுங்க" என்றாள். "எங்கூட்டுக்காரரு பத்து வருசமா பரிசல் ஓட்றாருங்க. ஒரு துண்டுக் காயிதங்கூட நனயவுட்டதில்லீங்க."

நான் கொண்டுபோன சோளத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். நான் தறிக்காரத் தெரு என்பது தெரியும், யாருடைய அக்கா என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

தம்பி, ஒன்று கேட்கிறேன். எனக்கு மட்டும் சொல். அன்றைக்கு ஆற்றில் அவன் உன்னிடம் ஏதாவது கொடுத்தானா?

மாரக்காள்

குமாரபாளையம்
18-9-1944

அக்காவுக்கு,

எவனோ ஒரு பரிசல்காரன் பேச்சைக் கேட்டு, கூடப்பிறந்தவனை விசாரணை செய்கிறாய். ஆபீசில்கூட என்னை இப்படி ஒருவரும் கேட்கவில்லை. எதுவும் கொடுக்கவில்லை. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

என் நிலை என்ன என்று நீ கேட்டாயா? அக்கரையும் இக்கரையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா? இப்போது மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. காவல் சீட்டில் 'துறையில் பிடிக்கும் சரக்கு' என்றுதான் இருக்கிறதாம். நடு ஆறு துறை ஆகாதாம். அதனால் சீட்டுக்காரனுக்குப் பங்கு கிடையாது, எட்டுச் சிப்பமும் முழுக்கச் சர்க்காருக்கே சொந்தம் என்று எழுதிவிட்டார்கள். துறைக்கு வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டு நின்றால் எந்தக் கடத்தல்காரன் துறைக்கு வருவான்? ஆபீசரிடம் கேட்டேன். அன்று எழுந்து நின்று கையைக் குலுக்கிய அதே ஆள், நாற்காலியில் இருந்தபடியே, "அப்பீல் போட்டுக்கய்யா" என்றார். அப்பீல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழு பக்கம் ஆகியிருக்கிறது.

மணியனும் போய்விட்டான். துடுப்பைக் கொண்டுவந்து என் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு, "நான் இனிமே உங்க பரிசலுக்கு வல்லீங்க" என்றான். ஏன் என்று கேட்டதற்கு, "உங்களுக்குத் தெரியாததுங்களா" என்று சொல்லிவிட்டு நடந்தான். ஊரில் அவன் எதையும் பேசவில்லை. ஆனால் வழியில் பார்த்தால் ஒதுங்கிப் போகிறான்.

எல்லோருக்கும் நான்தான் அகப்பட்டேன். நீயும் சேர்ந்துகொண்டாய்.

கண்ணுசாமி

எடப்பாடி
11-10-1944

தம்பிக்கு,

முந்தாநாள் மாதையனுக்கு ஆறு மாதம் தண்டனை சொல்லிவிட்டார்கள். சரவணமுத்து அண்ணன் கோர்ட்டுக்குப் போய்விட்டு வந்து சொன்னார். கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டதற்கு, "குடுத்தனுங்க சாமி" என்று மட்டும் சொன்னானாம்.

இனி நான் வைத்துக்கொண்டிருக்க முடியாது. ஆவணி மாதம் நீ எழுதிய கடிதத்தில், பன்னிரண்டு பேரில் மச்சான் பெயர் முதலாவதாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நான் உனக்கு அதை எழுதவில்லை. எனக்கே அது தெரியாது. சரவணமுத்து அண்ணன் வாங்கின பர்மிட்டு, அவர் பெயர்தான் முதலில் இருக்கும் என்று தெருவில் எல்லோரும் நினைத்திருந்தோம். அவரிடம் போய்ச் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "இல்லம்மா, தெருக்கோடியிலிருந்து வரிசையா எழுதுனாங்க. உங்கூடு தானே கோடி. உங்கூட்டுக்காரர் பேருதான் மொதல்ல" என்றார். அந்தக் காகிதத்தைப் பிரித்துப் படித்தவனுக்குத்தான் அது தெரியும்.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இன்றோடு நாற்பத்துநாலு நாள். இந்த நாற்பத்துநாலு நாளும் நான் தண்ணீர் எடுக்கப் போனேன், உலை வைத்தேன், எதிரில் வந்தவர்களோடு பேசினேன். மாதையனைப் பற்றித் தெருவில் கேவலமாகப் பேசியபோதெல்லாம் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டேன். சின்னாயி வீட்டுக்கு மறுபடி போகக் கால் வரவில்லை. உன்னிடம் கேட்டுப் பார்த்தேன். நீயாகச் சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன். நீ சொல்லவில்லை. அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. 'என் தம்பி பொய் சொல்ல மாட்டான்' என்று வாசலில் நின்று சொன்னவள் நான். அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க வெட்கப்பட்டுக்கொண்டு ஒருவனை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டேன்.

காகிதம் இன்னும் உன்னிடம் இருக்கிறதா, இல்லை கிழித்துவிட்டாயா?

மாரக்காள்

குமாரபாளையம்
15-10-1944

அக்கா,

கிழிக்கவில்லை. இருக்கிறது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நடு ஆற்றில் அவன் பரிசலைப் பிடித்து நிறுத்தியதும் மாதையன் பதறவில்லை. தலைப்பாகையை அவிழ்த்தான். அதற்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். "பாருங்க சாமி, பர்மிட்டு இருக்குதுங்க. இன்னியோட கெடுவுங்க, சீக்கிரம் வுட்டீங்கன்னா பொழுதுக்குள்ள ஏத்தி அனுப்பீருவனுங்க" என்றான். மணியன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். நான் வாங்கி, பிரிக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டேன். "ஆபீசுல பாத்துக்கலாம், வா" என்றேன். அதுவரை தப்பு எதுவும் நினைக்கவில்லை. போலிப் பர்மிட்டு எத்தனையோ உண்டு. இதுவும் அப்படி இருக்கும் என்று எண்ணினேன். இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

துறையில் கூட்டம் கூடிவிட்டது. நான்கு மாதமாக ஒரு மூட்டைகூடப் பிடிக்காதவன் எட்டுச் சிப்பத்தோடு வந்து இறங்கினேன். "கண்ணுசாமி வாத்தியாரு புடிச்சுட்டாருடா" என்று ஒருவன் சொன்னான். வாத்தியார் என்று என்னை யாரும் கூப்பிட்டு ஆறு வருஷம் ஆகிறது. ஆபீசர் வெளியே வந்து, "பேப்பர் ஏதாச்சும் வச்சிருந்தானா?" என்று கேட்டார். என் கை இடுப்புக்குப் போனது. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

மாதையன் கத்தவில்லை. அவனுக்குப் புரியவில்லை. "இடுப்புல வச்சிருக்கறீங்களே சாமி, மறந்துட்டீங்களாட்டம் இருக்குது" என்றான். எனக்கு ஞாபகப்படுத்துகிறான். "பொய் சொல்லாதடா" என்று நான் அவன் கன்னத்தில் அறைந்தேன். அதன் பிறகு ஆபீசர் வேறு எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் உனக்குக் கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துதான் காகிதத்தைப் பிரித்தேன். முதல் பெயர் மச்சானுடையது. அப்போது ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் கெடு முடிந்திருக்காது. பொழுது இன்னும் இருந்தது. போகவில்லை. சொன்னால் அறைந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே என்று தோன்றியது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும், நேற்றுச் சொல்லியிருக்க வேண்டும், இன்று சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்றுதான் கழிந்தது. பங்குக்காக அப்பீல் எழுதிய அத்தனை நாளும் அந்தக் காகிதம் அதே மேசையில்தான் இருந்தது. ஏழு பக்கத்திலும் நியாயம் நியாயம் என்று எழுதியிருக்கிறேன்.

என்ன செய்யட்டும் என்று நீ சொல். இந்தக் காகிதத்தை உனக்கு அனுப்பட்டுமா? மச்சான் கண்டெடுத்ததாகக் கொடுத்துவிடலாம். நாளை மறுநாள் தீபாவளி. நான் அங்கே வரவில்லை.

கண்ணுசாமி

எடப்பாடி
20-10-1944

தம்பிக்கு,

காகிதத்தை எனக்கு அனுப்பாதே. யாரும் அதைக் கண்டெடுக்கவில்லை. மாதையன் உன் கையில் கொடுத்தான். உன் கையாலேயே கோர்ட்டில் போய்க் கொடு. அறைந்ததையும் சொல்.

தீபாவளி அன்று காலையில் சரவணமுத்து அண்ணன் வீட்டில் தெருக்காரர்கள் கூடியிருந்தார்கள். நான் போய் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் பத்து நாள் போகும். எனக்கு எப்போது தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். உன் கடிதத்தை வாசித்து முடித்ததும் எழுந்த சத்தத்தில் அதைச் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன். பார், உன்னைச் சொல்கிற எனக்கே வாய் வரவில்லை.

உன் மச்சான் ஒரே ஒரு வார்த்தை பேசினார். "அவன் கோர்ட்டுல வந்து சொன்னான்னாச் சரி. வல்லீன்னா நானே போயிச் சொல்லுவேன்." உன்மேல் அவருக்கு இருந்த பிரியம் எவ்வளவு என்று உனக்குத் தெரியும். அவர் போய்ச் சொல்லும்படி வைக்காதே.

மாரக்காள்

சேலம் சிறை
19-12-1944

அன்புள்ள அக்காவுக்கு,

மாதம் ஒரு கடிதம்தான் எழுத விடுகிறார்கள். போன மாதக் கடிதத்தை நான் எழுதவில்லை. எழுத உட்கார்ந்து, வெறும் தாளையே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கோர்ட்டில் நான் சொன்னதை மச்சான் வந்து கேட்டுக்கொண்டிருந்தார். உன்னிடம் சொல்லியிருப்பார். மாஜிஸ்டிரேட்டு காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை ஏன் இத்தனை நாள் வைத்திருந்தீர்?" என்றார். நான் பெரிதாக ஏதோ தயார் செய்துகொண்டு போயிருந்தேன். "வெட்கமா இருந்ததுங்க" என்றுதான் வாயில் வந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். ஆறு மாதம். மாதையனுக்குச் சொன்ன அதே ஆறு மாதம்.

இங்கே தேங்காய் மட்டை தட்டுகிறேன். கை இரண்டும் வீங்கிவிட்டது, இப்போது பரவாயில்லை. உன்னிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வந்த முதல் நாள் பக்கத்தில் இருந்தவன், "எதுக்குய்யா வந்த?" என்று கேட்டான். "நூல் கடத்துனதுக்கு" என்று சொல்லிவிட்டேன். இங்கே நூல் கடத்தியவனுக்கு மதிப்பு இருக்கிறது. வயிற்றுப்பாட்டுக்குச் செய்தவன் என்று எல்லோரும் இரக்கப்படுகிறார்கள். அவன் தன் களியில் பாதியைப் பிட்டு என் தட்டில் வைத்தான். மூன்று நாள் வைத்தான். மூன்று நாளும் தின்றேன். நாலாம் நாள், "எனக்கு முன்னாடி இங்கே மாதையன்னு ஒருத்தர் இருந்தாரா?" என்று கேட்டேன். "இருந்தாரே. பரிசல்காரரு. நல்ல மனுசன்" என்றான். "அவரை உள்ளே தள்ளினது நான்தான்" என்றேன். அவன் என் தட்டிலிருந்து களியைத் திருப்பி எடுக்கவில்லை. எழுந்து வேறு வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

நூல் என்ன ஆயிற்று? மாதையன் எப்படி இருக்கிறார்? உனக்குத் தெரிந்தால் எழுது. மச்சானுக்கு என் வணக்கத்தைச் சொல்லாதே. அவராகக் கேட்டால் இருக்கிறான் என்று சொல்.

கண்ணுசாமி

எடப்பாடி
7-1-1945

அன்புள்ள தம்பிக்கு,

நூல் கிடைத்துவிட்டது. சுலபமாகக் கிடைக்கவில்லை. நீ காகிதத்தைக் கொடுத்த பிறகும், கெடு முடிந்த பர்மிட்டு செல்லாது, சரக்கு சர்க்காருடையதுதான் என்று ஆபீசில் நின்றார்கள். சரவணமுத்து அண்ணனும் உன் மச்சானும் சேலத்துக்கும் குமாரபாளையத்துக்குமாக ஏழு தடவை நடந்தார்கள். கடைசியில் கெடுவுக்குள் பிடித்தது கெடுவுக்குள் வந்த சரக்குதான் என்று மேலே எழுதிக் கொடுத்தார்கள். போய்ப் பார்த்தால் கிட்டங்கி ஒழுகி அடியிலிருந்த மூன்று சிப்பம் மக்கிப்போயிருந்தது. ஐந்து வந்தது. தெருவில் பாவு ஓட்டியாகிவிட்டது. தீபாவளி போய்விட்டாலும் பொங்கலுக்குக் கொஞ்சம் விற்கும்.

மாதையன் நேற்று இங்கே வந்தான். வெளியே வந்து இரண்டு மாதம் ஆகியும் எங்கள் தெருப்பக்கம் வராதவன், தானாகவே வந்தான். சரவணமுத்து அண்ணன் வாசலில் நின்றுகொண்டு பன்னிரண்டு வீட்டுக்காரர்களையும் கூப்பிடச் சொன்னான். திட்டப்போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். திட்டினால் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது. அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னான்: "ஏனுங்க, உங்க காயிதத்த நான் கைவுட்டுக் குடுத்திருக்கக் கூடாதுங்க. கையில வச்சுக்கிட்டே படிச்சுப் பாருங்கன்னு சொல்லியிருக்கோணும். மூணு சிப்பம் மக்கிப்போச்சுன்னு கேள்விப்பட்டனுங்க. எந்தப்புங்க. பொறுத்துக்கோணும்."

ஒருவரும் தலை நிமிரவில்லை. ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட மறுத்த பன்னிரண்டு பேரும் அங்கேதான் நின்றார்கள்.

நான் பெண்கள் பக்கத்திலிருந்து முன்னால் போனேன். தீபாவளி அன்று சொல்லாமல் விட்டதை அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். கண்ணுசாமியின் அக்கா நான்தான் என்று சொன்னேன். என் தம்பி காகிதத்தை வாங்கினான் என்பது, அவன் கோர்ட்டில் சொல்வதற்கு வெகுநாள் முன்பே எனக்குத் தெரியும், தெரிந்தும் சும்மா இருந்துவிட்டேன் என்று சொன்னேன். தெருவில் எல்லோரும் கேட்டார்கள். உன் மச்சானும் கேட்டார்.

மாதையன் கோபப்படவில்லை. "எப்பத் தெரியுமுங்க?" என்று கேட்டான்.

"ஆவணி பன்னெண்டு இருக்குமுங்க."

அவன் விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தான். "எங்கப்பன் போனது பொரட்டாசி பன்னெண்டுங்க" என்றான். "எம்பட பங்காளிப் பையன் கொள்ளி வச்சான்."

அதை நான் அறிந்திருக்கவில்லை, தம்பி. சின்னாயி வீட்டுக்கு மறுபடி போக வெட்கப்பட்டுக்கொண்டு போகாமலே இருந்தேன் அல்லவா, அதனால் எனக்குத் தெரியவே இல்லை. நான் அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் அவன் தன் தகப்பனுக்குக் கொள்ளி வைத்திருப்பான். நீ மறைத்த காகிதத்துக்கு மூன்று சிப்பம் போயிற்று. நான் மறைத்ததற்கு இது.

சரவணமுத்து அண்ணன் வீட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தான். "வாரனுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தான். உன் மச்சான் அவனோடு பஸ் நிற்கிற இடம்வரை போய்விட்டு வந்தார்.

ராத்திரி அவர் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். "நீயுமா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். பிறகு சாப்பிட்டார். இன்று காலையில் பாவு நூலைப் பிணைக்கக் கூப்பிட்டார், போனேன்.

நீ வெளியே வரும் தேதியை முன்கூட்டியே எழுது. நான் சேலத்துக்கு வந்து ஜெயில் வாசலில் நிற்கிறேன். அங்கிருந்து நேராக மாதையன் வீட்டுக்குப் போவோம். மன்னிக்கச் சொல்லி நான் கேட்க மாட்டேன், நீயும் கேட்காதே. அவனுடைய தகப்பன் இறந்ததற்குத் துக்கம் விசாரிக்க வேண்டியவர்கள் நாம் இரண்டு பேரும் இன்னும் விசாரிக்கவில்லை. விசாரித்துவிட்டு, உட்காரச் சொன்னால் உட்காருவோம், சொல்லாவிட்டால் திரும்பி வருவோம்.

உன் அக்கா,
மாரக்காள்